பதுளைக் கடைவீதியில் ஓர் அறை

சென்ற மாதம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவன் என் தாய்மாமன் மகன். கைத்தொலைபேசியில் ஒரு சொல் சொன்னாற் போதுமென்றிருக்கிற இந்நாளிலும், முக்கியமான காரியமென்றால் தாளும் பேனாவுமாக உட்காரும் பழக்கத்தை அவன் விட்டானில்லை. "மச்சான், பங்குனி கடைசியில் புறப்பட்டு வருகிறேன். முதல் இரண்டு ராத்திரி பதுளை டவுனில் தங்க வேண்டும். டவுனுக்கு நடுவிலே, சந்தடியான இடத்திலே ஒரு ரூம் பார்த்து வை. அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே" என்று எழுதியிருந்தான்.

கோபம் வராமலில்லை. சொந்தக்காரன் ஊருக்கு வந்து விடுதியிலே தங்கினானென்றால், தோட்டத்துப் பக்கத்தில் அஃது அவ்வீட்டுக்காரனுக்குப் பெருங்குறை. அதிலும், ஐம்பதாண்டுகளுக்கு மேலாகக் கண்ணிற் காணாதிருந்தவன் இவன். கடைசியாக இந்த மண்ணில் அவன் நின்றது 1974ஆம் ஆண்டில். அப்போது அவனுக்கும் எனக்கும் வயது பன்னிரண்டு. கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்டுச் சோறு அவருக்கு ஆகாதாமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். இரண்டு நாட்கள் கழித்து, விடியற்காலையில் விழித்துப் படுத்திருக்கும்போதுதான், அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது எனக்குப் பிடிபட்டது. அதைப் பின்னாற் சொல்கிறேன். அறை தேடிய கதை முதலில்.

பதுளையைப் பாராத வாசகர்களுக்காக அந்நகரின் கிடக்கையைச் சற்றே சொல்ல வேண்டும். ஊவா மாகாணத்தின் தலைநகர் அது. சுற்றிலும் மலை, நடுவிலே தாம்பாளம் போன்ற பள்ளம், அதை வளைத்தோடுவது பதுளை ஓயா. தென்கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கிறது நமுனுகுலை மலை. நகரமோ ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலேயே இருப்பதால், மலைநாடென்றதும் நுவரெலியாவை நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டையோடு வந்திறங்குபவர் வியர்த்துப் போவார். 1924ஆம் ஆண்டில் புகையிரதம் இங்கே வந்து சேர்ந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஏறியும் இறங்கியும் வருகிற தண்டவாளம் பதுளை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. பேராதனையில் தொடங்கிச் செங்கலடிக்குப் போகும் நெடுஞ்சாலையும் இந்நகரின் ஊடாகவே செல்வதால், மட்டக்களப்புப் பக்கத்தாருக்கும் இது தெரியாத ஊரன்று.

முதியங்கன விகாரை, புனித மாற்கு தேவாலயம், கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம், கடைவீதி ஆகிய யாவும் நடந்து போகும் தூரத்திலேயே நெருங்கிக் கிடக்கின்றன. ஆனால் இந்நகருக்கு உயிர் கொடுப்பது நகரத்தார் மட்டுமல்லர். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெளி, ஹாலிஎல, தெமோதரை ஆகிய பக்கங்களிலுள்ள தோட்டங்களிலிருந்து நாடோறும் இறங்கி வருவோராலேயே கடைவீதி நிறைகிறது. ஆஸ்பத்திரியிற் படுத்திருப்பவரைப் பார்க்க வருவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு வருவார்கள். சேமலாப நிதிக் காரியமாக வருவார்கள். அடைவு வைக்கவும் மீட்கவும் வருவார்கள். வந்த காரியம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதைத் தவறவிட்டவனுக்கு இந்நகரில் ஓரிரவு எவ்வளவு நீளமானது என்பது தோட்டத்திற் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

என் மகள் முதலில் எல்லவைச் சொன்னாள். பதுளையிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். கைத்தொலைபேசியிற் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மலை விளிம்பிற் கட்டிய கண்ணாடி அறைகள். 1921இற் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாமென்று ஒரு விளம்பரம். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் எல்லாரும் எல்லவிலேயே இறங்கிவிடுகிறபடியால் பதுளை அவர்களுடைய கண்ணிலிருந்து தப்பியது என்று சொல்ல வேண்டும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருவோருங்கூடப் பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடுவர். ஆகவே, பதுளை விடுதிகளிற் பெரும்பாலும் தங்குவோர் கம்பனி விற்பனையாளர்களும், மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களும், நோயாளிகளின் உறவினர்களுமே. "எல்லவில் அவன் யாரைத் தேடுவான்?" என்று கேட்டேன். மகள் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது வாடிவீடு. வெள்ளையர் காலத்தில் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் ஊருக்கு ஊர் வாடிவீடுகள் எழுந்தன. கடமைமேற் செல்லும் உத்தியோகத்தருக்கே அவற்றில் முதலிடம். தேயிலை மலையை வெட்டித் திருத்தியவர்கள் அதன் விறாந்தைப் படியிலும் உட்கார்ந்தவர்களல்லர். வாடிவீடு என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் மேஜர் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று பெயரெடுத்தவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம், இடியும் மழையுமாயிருந்த ஒரு நாளில், அப்புத்தளை வாடிவீட்டின் விறாந்தையிலே நின்றபோது மின்னல் தாக்கி மாண்டார். அவருடைய ஞாபகார்த்தமாக எழுந்ததே பதுளைப் புனித மாற்கு தேவாலயம். அது 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விரும்பிய கூரையின்கீழ் விரும்பிய நேரத்தில் நிற்கும் உரிமை பெற்றிருந்தவருக்கும் அந்தக் கூரை உதவவில்லை. நிற்க.

மூன்றாவது யோசனையை என்னுடைய பழைய சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நகருக்கு வெளியே, ஆற்றோரமாக, அமைதியான விடுதிகள் இருக்கின்றன. பறவைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. வயதான காலத்தில் உறக்கந்தானே வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அமைதிக்கு நான் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். 1996ஆம் ஆண்டில் என்று நினைவு. எங்கள் தோட்டப் பாடசாலையிலிருந்து மூன்று மாணவிகளை ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்து வந்தேன். பெண்பிள்ளைகளாயிற்றே, கடைவீதி வேண்டாமென்று எண்ணி, நகரிலிருந்து ஒன்றரை மைல் தள்ளியிருந்த ஒரு விடுதியிலே தங்க வைத்தேன். இரவெல்லாம் மழை. காலையில் முச்சக்கர வண்டி எதுவும் வரவில்லை. தொலைபேசி செய்ய விடுதியில் ஆளில்லை. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்றரை மைலையும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. இருவரைக் கெஞ்சிக் கேட்டு உள்ளே அனுப்பினேன். மூன்றாமவளின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது, அவளை எடுக்கவில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. இப்போதும் பசறைச் சந்தையிற் கண்டால், "சேர், சுகமா?" என்றுதான் கேட்கிறாள்.

அமைதியான இடம், வாகனமுள்ளவர்களுக்கு உரியது. வாகனமில்லாதவனுக்கு, நள்ளிரவிலும் யாராவது விழித்திருக்கிற தெருவே பாதுகாப்பு. மருந்துக் கடை, தேநீர்க் கடை, முச்சக்கர வண்டித் தரிப்பிடம், பஸ் நிலையம் ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தால், படுக்கை சற்றுக் கரடுமுரடாயிருந்தாலும் பாதகமில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த உண்மையன்று. சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு அடைக்கலக் காதை நினைவிருக்கும். கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியிலே வந்து தங்குகிறார்கள். இவ்விடம் துறவிகளுக்குத்தான் பொருந்தும், இல்லறத்தார்க்கு ஏற்றதன்று, பொழுது சாயுமுன் நகருக்குள்ளே போய்விடுங்கள் என்கிறார்கள் கவுந்தியடிகளும் மாடலனும். உள்ளே உங்கள் குலத்து வணிகர் உங்களை அறிந்து ஏற்றுக்கொள்வர் என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆயினும், முடிவில் கண்ணகிக்கு இடம் கிடைத்தது வணிகர் மாளிகையிலன்று. மாதரி என்ற இடைக்குல முதுமகளின் வீட்டில். அவளும் தேடிப் போய்க் கண்டவளல்லள். தற்செயலாய் அவ்வழியே வந்தவள். புதிய நகரிலே இடந்தேடுவோரின் கதை அன்றும் இப்படித்தான் இருந்தது. தெரிந்தவர் கைவிரிப்பர், எதிர்பாராதவர் கதவு திறப்பர்.

எங்களுக்கும் அப்படியொருவர் கதவு திறந்தார். 1974ஆம் ஆண்டின் அந்த இரவைப் பற்றி இனிச் சொல்லலாம்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதியிருந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவையெல்லாம் தாளிலுள்ள கணக்கு. எங்கள் லயத்திலோ, என் தந்தை இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். அடுத்த காம்பராவிலிருந்த மாமன் இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். யார் சொல்லை யார் கேட்டார்கள், எதனால் அப்படிச் செய்தார்கள் என்பதை இருவரும் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. 1973இலும் 1974இலும் தோட்டங்களில் வந்த பஞ்சம், போவதா இருப்பதா என்று மயங்கி நின்றவர்களையும் போகத் துரத்தியது. அரிசி இல்லை, மாவுக்கும் கட்டுப்பாடு, மரவள்ளிக் கிழங்கைத் தின்று பசியாறிய நாட்கள் அவை.

மாமனின் கடவுச்சீட்டு வந்தது. பதுளையிலிருந்து விடியற்காலை வண்டியேறித் தலைமன்னார் போக வேண்டும். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு விடியற்காலை வண்டியைப் பிடிப்பது நடவாத காரியம். ஆகவே முதல்நாள் மாலையே நகருக்கு வந்துவிட்டோம். மாமன், அத்தை, பாட்டி, ஐந்து பிள்ளைகள், வழியனுப்ப நாங்கள் மூவர். ஆகப் பதினொரு பேர். இரண்டு தகரப் பெட்டிகள், சாக்கிலே கட்டிய அம்மிக்கல், ஒரு பித்தளைக் குடம், ஆளுக்கொரு கம்பளி.

மாமனிடம் சிறிது பணம் இருந்தது. மனைவி மக்களைக் கடைசி இரவிலாவது ஒரு நல்ல இடத்திற் படுக்க வைக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. நகரின் நடுவிலிருந்த ஒரு விடுதிக்குப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிர்ந்து எங்கள் தோளிலே கிடந்த கம்பளிகளைப் பார்த்தார். மழைக்கும் குளிருக்கும் மலையிற் போர்த்துகிற அந்தக் கம்பளி, எங்கே போனாலும் எங்கள் விலாசத்தைச் சொல்லிவிடும். "அறை இல்லை" என்றார். அவருக்குப் பின்னே சுவரில் வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கின. வெளியே வந்ததும், "சாவியெல்லாம் தொங்குதேப்பா" என்றேன். "அது நமக்காகத் தொங்கலடா" என்றார் தந்தை. மாமன் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த பணத்தை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புகையிரத நிலையத்துக்குப் போய்ப் படுக்கலாமென்று முடிவாயிற்று. தூறல் விழத் தொடங்கியது. பாட்டிக்கு இருமல். கடைவீதி வழியே நடந்தோம். எங்கள் தோட்டத்தார் மாதாமாதம் பற்றெழுதிச் சாமான் வாங்கும் பலசரக்குக் கடையின் முதலாளி, இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். இராமநாதபுரத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"நாளைக்குத்தானே வண்டி? பிள்ளைகுட்டிகளோட எங்க நிக்கிறீங்க?"

"ஸ்டேசனுக்குப் போறோம், மொதலாளி" என்றார் தந்தை.

"மழையில அங்க என்னத்தப் படுக்கிறது? உள்ள வாங்க."

கடையின் பின்கட்டிலே வெங்காய மூட்டைகளையும் கருவாட்டுச் சிப்பங்களையும் ஒதுக்கி இடம் செய்தார்கள். கடைப் பையன்கள் தங்கள் பாய்களைக் கொடுத்துவிட்டுக் கல்லாவின் அருகே போய்ச் சுருண்டுகொண்டார்கள். மிளகாய் நெடியில் குழந்தைகள் தும்மிக்கொண்டே உறங்கிவிட்டன. நானும் மச்சானும் உறங்கவில்லை. தோட்டத்தில் இரவு எட்டு மணிக்கு விளக்கணைந்தால், அதன் பின் ஓடைச் சத்தமும் நாய்க் குரைப்புந்தான். இங்கே தெரு விழித்திருந்தது. சினிமாவின் கடைசிக் காட்சி முடிந்து போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். எதிர்த் தேநீர்க் கடையிலே கண்ணாடிக் குவளைகள் கலகலத்தன. லொறிகள் வந்து நின்று மூட்டை இறக்கின. சுமப்பவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். நாங்கள் லொறிகளை எண்ணினோம். ஒன்பதோ பத்தோ எண்ணியது நினைவிருக்கிறது. "இந்தியாவுல ராத்திரியெல்லாம் இப்படித்தான் இருக்குமாம்" என்று அவன் என் காதிற் சொன்னான். யார் அவனுக்குச் சொன்னார்களோ தெரியாது. உறங்காமலிருந்தவர் இன்னொருவர் மாமன். சுவரிற் சாய்ந்து, கடவுச்சீட்டுகள் இருந்த துணிப்பையை மார்போடு அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதிகாலையில் மாமன் தம் பற்றுக் கணக்கைக் கேட்டார். முதலாளி கொப்பியை விரித்து, அவர் பெயருக்கு நேரே குறுக்காக ஒரு கோடு இழுத்து மூடிவிட்டார். மாமன் மனங்கேளாமல் பித்தளைக் குடத்தைக் கல்லாவின் மேல் வைத்தார். முதலாளி அதை உள்ளே கொண்டு போனார். நாங்கள் படியிறங்கும்போது கொண்டு வந்து அத்தையின் இடுப்பிலே வைத்தார். குடத்துக்குள்ளே வறுத்த கடலை இருந்தது. அந்த முதலாளியே குறித்த காலத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய வதிவிட அனுமதியில் இந்நாட்டில் இருந்தவர் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் மக்கள் அந்த வண்டிக்கு வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அதற்குமேல் அதை விவரிக்க வேண்டியதில்லை. மலையகத்தில் அதைப் பார்க்காத குடும்பம் குறைவு.

போனவர்கள் மண்டபம் முகாமிற் சில வாரங்கள் இருந்தார்கள். பிறகு, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் வரிசை வீடு. எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று மாமனை ஒருவரும் கேட்கவில்லை. முகாமில் இடம் ஒதுக்கினார்கள். தோட்டத்தில் வீடு ஒதுக்கினார்கள். தம் வாழ்நாளிலே தமக்கென்று ஓர் இடத்தைப் பணங்கொடுத்துத் தெரிந்தெடுக்க அவர் முயன்றது பதுளையில், சாவிகள் தொங்கிய அந்த மேசையின் முன்னாலே, ஒரேயொரு தடவைதான். அவர் இறந்து பல ஆண்டுகளாகின்றன.

விடியற்காலையில் விழித்துக் கிடந்தபோது எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். மைத்துனன் என் வீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் கேட்பது அந்தத் தெருவை. கடிதத்தின் அடியிலே, "அந்த மளிகைக் கடை இன்னும் இருக்கிறதா?" என்றொரு வரி இருந்தது. முதலில் அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கடை இல்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 27ஆந் திகதிவரை பதுளை அமைதியாகவே இருந்தது. அன்று முற்பகல், மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே ஒரு தமிழருடைய மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைக்கப்பட்டது. நண்பகலளவில் கும்பல் கடைவீதிக்குள் புகுந்தது. பிறகு வீடுகள். அங்கிருந்து வண்டிகளிலேறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று போனார்கள். இரவுக்குள் லுணுகலைக்கும் தீ போய்ச் சேர்ந்தது. நான் நகருக்கு வந்தபோது மூன்று வாரங்களாகியிருந்தன. கடையிருந்த இடத்திலே கருகிய உத்தரங்களும், உருகிக் கட்டியாகிப் போன தராசுத் தட்டுகளுங் கிடந்தன. பற்றுக் கொப்பிகளும் எரிந்திருக்கும். எங்கள் தந்தையின் பெயரிலும் அதில் ஒரு தொகை இருந்தது. முதலாளியின் குடும்பம் இராமநாதபுரத்துக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இருப்பிடத்தை விசாரித்து இரண்டு கடிதங்கள் போட்டேன். பதில் இல்லை.

ஆகவே, கடந்த வாரம் நான் அறை தேடிப் போனது அந்தத் தெருவுக்குத்தான். ஐந்து விடுதிகளில் ஏறி இறங்கினேன். அறை பார்ப்பதில் எனக்கு இப்போது சில அனுபவங்கள் உண்டு, கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கட்டிலையும் மெத்தையையும் பார்க்குமுன் படிக்கட்டைப் பார்க்க வேண்டும். கைப்பிடி இல்லாத செங்குத்துப் படியிலே வயதானவரை ஏற்றி இறக்க முடியாது. இரவிலே வாசற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பூட்டிய பின் வந்தால் யார் திறப்பார் என்று கேட்க வேண்டும். இதற்குத் தடுமாறிப் பதில் சொல்லுமிடத்தில் தங்கலாகாது. குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் மாலை நேரத்தில். விறாந்தையிற் சாராய வாடை அடிக்கிறதா என்று மோப்பம் பிடிப்பதில் வெட்கப்படக் கூடாது. பெரஹரா நாட்களில் இடங்கிடைப்பது அரிது என்பதையும் அறிந்து வைத்திருத்தல் நலம். வெந்நீர் வசதி பதுளையில் அவசியமில்லை, மின்விசிறி அவசியம்.

முதல் இரண்டு இடங்களிலும் பின்பக்கத்து அறையைத்தான் காட்டினார்கள். "சத்தமே கேக்காது ஐயா" என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்குச் சத்தங் கேட்கிற அறை வேண்டுமென்றபோது, அவர்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்திற் படி சரியில்லை. நான்காவதைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. ஐந்தாவது, பழைய பலசரக்குக் கடை இருந்த இடத்துக்கு எதிர்ச்சாரியில், இரண்டாம் மாடியில். இரண்டு கட்டில், தெருவைப் பார்த்த பெரிய சன்னல். அதைத் திறந்தேன். கீழே பழக்காரர் விலை கூவிக்கொண்டிருந்தார். பசறை பஸ்ஸின் நடத்துநர் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கினார். எதிரே, கடை இருந்த இடத்திலே, கைத்தொலைபேசிகள் விற்கும் கண்ணாடிக் கடையொன்று மின்னியது.

கணக்கு மேசையிலிருந்தவன் சிங்கள இளைஞன். தமிழ் நன்றாகவே பேசினான். முதலில் என் பெயரையும் விலாசத்தையும் கேட்டான். வீட்டிலக்கம், வீதி என்று இரண்டு கட்டங்கள் அந்தத் தாளில் இருந்தன. என் வாழ்வில் ஐம்பது வயதுவரை எனக்கு அவை இரண்டும் இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவே. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எப்போதாவது எங்கள் கைக்கு வரும். இப்போது இலக்கமும் வீதியும் இருக்கின்றன; எழுதினேன். பிறகு மற்றவர் யாரென்று கேட்டான். இந்தியாவிலிருந்து வருபவர் என்றேன்.

"அப்போ வெளிநாட்டவர். கட்டணம் வேறு, ஐயா. கடவுச்சீட்டின் பிரதியும் வேண்டும்."

"தம்பி, அந்தக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் பதுளை என்று போட்டிருக்கும்" என்றேன்.

அவன் பேனாவை வைத்துவிட்டுச் சிறிது யோசித்தான். பிறகு விடுதி உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தை விளக்கினான். மறுமுனையிலே நீண்ட பேச்சு. அவன் முகத்தைப் பார்த்தே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறந்த இடம் எதுவாயிருந்தாலும், கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதோ அதன்படிதான் பதிய வேண்டுமாம். விதி அப்படியிருக்கும்போது, அந்தப் பையனைக் குறைகூற இடமில்லை. அவன் தொலைபேசியை எடுத்ததே பெரிது. 1974இல் மேசைக்குப் பின்னாலிருந்தவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு கட்டிலை உள்ளூர்க்காரர் பெயரிலும் மற்றக் கட்டிலை வெளிநாட்டவர் பெயரிலும் பதியச் சொல்லி, இரண்டு இரவுக்கும் முன்பணம் கட்டினேன். ஆம், நானும் அங்கேயே தங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு பேருக்கும் சோறு நான் கட்டித் தர்றேன்" என்றாள். அதிலே சமாதானமுங் கலந்திருந்தது.

மாலையில் அவனுக்குப் பதில் எழுதினேன். புகையிரதத்தில் வர அவனுக்கு ஆசையென்று தெரியும். போன வழியாகவே திரும்பி வர வேண்டுமென்று நினைத்திருப்பான். ஆனால், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது அந்தப் பாதை பல இடங்களிற் சிதைந்துவிட்டது. அதனால், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலேயே வா, இரத்தினபுரி, பலாங்கொடை, அப்புத்தளை வழியாக வரும், விடியுமுன் பதுளையில் இறங்கலாம், பஸ் நிலையத்தில் நான் நிற்பேன் என்று எழுதினேன். கடை இல்லையென்றும், எப்போது இல்லாமற் போனதென்றும் எழுதினேன். அறை தெருப் பக்கம், எந்த நேரத்தில் வந்தாலும் கதவு திறப்பார்கள், கம்பளி கொண்டுவர வேண்டாம், இங்கே புழுக்கம் என்றும் எழுதினேன். கட்டண விவரத்தை மட்டும் எழுதவில்லை.